சோளகத்துக்கு ஒரு முகம்

சிவதர்ஷன் அதிகம் கதைப்பதில்லை. கிறிஸ்ரினாவுக்கு அவன்மேல் முதற் சந்தேகம் வர அது ஒன்றே போதுமாயிருந்தது. கூட்டத்தில் மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும்போது ஒருவன் மூலையில் இருந்து மடிக்கணினியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தால் அவனை என்னவென்று நினைப்பது? ரோல்ஸ் தட்டு அவனைத் தாண்டிப் போகும். உள்ளே மீனோ இறைச்சியோ இருக்கும், மச்சம் என்று தொடமாட்டான். பிளேன்ரீயை மட்டும் குடித்துவிட்டு, போட்டு வாறன் என்று முணுமுணுத்து, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அச்சுவேலிக்குப் போய்விடுவான். வாயாடுகிற கள்ளனை அவன் வாயாலேயே பிடித்துவிடலாம், வாய் திறக்காதவனை எதைக்கொண்டு பிடிப்பது என்பது கிறிஸ்ரினாவின் கட்சி.

அவர்கள் மொத்தம் ஐந்து பேர். ஐந்து பேருமாகச் சேர்ந்து, தென்மேற்கிலிருந்து வீசும் காற்றின் பெயரில், ‘சோளகம்’ என்று ஓர் இயங்குதளத்தை ஆக்கி வைத்திருந்தார்கள். கணினி விழித்தெழுந்து வேலை செய்வதற்கு அதற்குள் இருக்கவேண்டிய அடிப்படை மென்பொருள் அது. எவரும் சும்மா எடுத்துப் பாவிக்கலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்கலாம், பிடிக்காததைத் திருத்தலாம். உலகத்தின் நாலு மூலையிலும் இருக்கிறவர்கள் எழுதிவைத்ததை எடுத்துத் தமிழாக்கி, எங்கள் சனத்துக்கு ஏற்றமாதிரி வெட்டி ஒட்டித் தருவது இவர்களின் வேலை. சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் உடுவிலில் சுபாஜினி நடத்தும் ரியூட்டரியின் மாடியில் கூடுவார்கள். சுபாஜினிதான் தலைமை. வருசம் முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை மேய்த்துப் பழகியவள். இந்த நாலு பேரையும் மேய்க்க அவளை விட்டால் ஆள் இல்லை.

இந்த முறை சண்டை டெஸ்க்ரொப்பில் வந்தது. கணினியைத் திறந்தவுடன் கண்ணுக்குத் தெரிகிற முகம் அது. எந்தப் பொத்தான் எங்கே, பட்டியல் மேலேயா கீழேயா, சாளரம் எப்படித் திறக்கும், எப்படி மூடும் எல்லாம் அதன் பொறுப்பு. இதுவரை சோளகம் இரண்டு முகத்தோடு வந்தது. ஒன்று க்னோம். பார்க்க வடிவு, ஆனால் தீனி அதிகம். நல்ல புதுக் கணினி வேண்டும். மற்றது எக்ஸ்எஃப்சிஇ. அலங்காரம் குறைவு, ஆனால் கிழட்டுக் கணினியிலும் முனகாமல் ஓடும். இரண்டையும் கட்டி மேய்க்க ஐந்து பேரால் முடியவில்லை. அடுத்த வெளியீட்டில் ஒன்றுதான், மற்றதைக் கைவிடுவோம் என்று முடிவாயிற்று. கைவிட்டதற்குப் பிறகு திருத்தமும் வராது, பாதுகாப்பும் வராது.

எதைக் கைவிடுவது? அங்கேதான் கிறிஸ்ரினாவின் உயிர் கிடந்தது. குருநகரில் கடற்றொழிலாளர் சங்க மண்டபத்தில் இருந்த கணினிகள் எல்லாம் கொழும்பில் ஏதோ ஒரு கந்தோர் கழித்துவிட்டவை. பங்குச் சுவாமியைப் பிடித்து, லொறியில் ஏற்றுவித்து, தூசு தட்டி, சோளகத்தைப் போட்டு உயிர் கொடுத்தவள் அவள். பாசையூரிலும் நாவாந்துறையிலும் அப்படியே. அவற்றில் க்னோமைப் போட்டால் சுட்டியை இன்றைக்கு அசைக்க அம்பு நாளைக்கு அசையும். கைபேசி எல்லோர் வீட்டிலும் உண்டுதான். ஆனால் படகுப் பதிவுக்கும் கடவுச்சீட்டுக்கும் மகளின் கம்பஸ் விண்ணப்பத்துக்கும் கைபேசியில் தட்டித் தட்டிக் கண்ணீர் விட்டவர்கள், இப்போது நேரே மண்டபத்துக்கு வந்து றஜிதாவைத் தேடுகிறார்கள். றஜிதா முன்பு கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவள். கிறிஸ்ரினாவிடம் பழகி, இன்று சங்கத்தின் பாதி வேலையைக் கணினியில் இழுக்கிறாள். க்னோம் வென்றால் இன்னும் கொஞ்சக் காலத்தில் அந்த மண்டபம் பழைய இரும்புக் கடை. அது கிறிஸ்ரினா பிறந்து வளர்ந்த தெரு. அவள் சண்டை பிடித்ததற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

கம்பஸ் முடித்த இரண்டு பெடியள் குழுவில் இருந்தார்கள். எது புதுசோ அதற்குக் கை தூக்குகிற சாதி. அவர்கள் க்னோம் பக்கம். சிவதர்ஷனும் க்னோம்தான், ஆனால் ஏன் என்று கேட்டால், வடிவாயிருக்கு என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. இரண்டு மூன்று ஞாயிறு கத்திக் களைத்தபின் சுபாஜினி ஒரு வழி சொன்னாள்: பாவிக்கிறவர்களையே கேட்போம். சிவதர்ஷன் ஒரு சின்னக் கேள்வியை எழுதிச் சேர்த்தான். அடுத்த முறை கணினியைத் திறக்கும்போது, நீங்கள் எந்த டெஸ்க்ரொப் பாவிக்கிறீர்கள் என்பதை மட்டும் சோளகம் குழுவுக்கு அறிவிக்கலாமா என்று அது கேட்கும். கீழே இரண்டு பொத்தான்கள், ஓம் ஒன்று, இல்லை ஒன்று. பெயர், ஊர் எதுவும் போகாது. எண்ணிக்கை என்ன சொல்கிறதோ அதுதான் தீர்ப்பு, பிறகு ஒருவரும் வாய் திறக்கக்கூடாது என்று மேசையில் அடித்துச் சொன்னவள் கிறிஸ்ரினாதான். மூன்று ஊர் மண்டபம் கையில் இருக்க அவளுக்கு என்ன பயம்?

எண்ணிக்கை வந்தபோது க்னோம் பக்கம் குவிந்து கிடந்தது. எக்ஸ்எஃப்சிஇ பக்கத்தைக் கைவிரலில் எண்ணலாம். அவளுக்கு முதலில் கோபம்கூட வரவில்லை, திகைப்புத்தான் வந்தது. குருநகரும் பாசையூரும் நாவாந்துறையும் ஒரேயடியாகக் கடலுக்குள் போய்விட்டனவா? அதற்குப் பிறகுதான் மூளை வேலை செய்யத் தொடங்கியது. எண்ணுகிற இயந்திரம் எங்கே இருக்கிறது? அச்சுவேலியில், சிவதர்ஷன் வீட்டில். கடவுச்சொல் யாரிடம்? அவனிடம் மட்டும். அவன் எந்தக் கட்சி? க்னோம். ஒரு வழக்குக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். சந்தேகம் வந்தபின் அவளுக்கு அவன் செய்ததெல்லாம் சாட்சியாகத் தெரிந்தது. மாசி மாதக் கூட்டத்துக்கு அவன் ஏன் வரவில்லை? காங்கேசன்துறைத் துறைமுகத்தில் வேலை செய்யும் றோய், றஜிதாவின் தமையன், ஒரு செய்தி கொண்டுவந்தான்: அச்சுவேலிப் பெடியன் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கினான், தூக்க முடியாத ஒரு பெட்டியும் கையுமாக. பெட்டிக்குள் என்ன? யார் கொடுத்தது? அங்கே ஏதாவது கொம்பனிக்காரன் க்னோம் போட்ட சோளகத்தைக் கேட்டிருப்பான், இவன் தலையாட்டியிருப்பான் என்று அவள் தானே கதை கட்டி, தானே அதை நம்பி, சங்கத் தலைவர் நீக்கிலாப்பிள்ளையிடமும் போய்ச் சொன்னாள்.

“உவன் கணக்கை மாத்துறான் அண்ணை. எங்கடை ஆக்களை எண்ணாமல் விட்டிட்டான்.”

நீக்கிலாப்பிள்ளை ஆச்சரியப்படவில்லை. அறுபது வயதுக்குள் அவரை எண்ணாமல் விட்டவர்கள் நிறையப் பேர். நிவாரணத்துக்கு எண்ணாமல் விட்டார்கள், வீட்டுத்திட்டத்துக்கு எண்ணாமல் விட்டார்கள், துறைமுகம் திருத்துகிறோம் என்று கூட்டம் வைத்தவர்கள் கதிரை போடவும் மறந்தார்கள். இப்போது கணினியும் எண்ணாமல் விட்டதாம் என்றால் அதிலென்ன புதுமை? சிவதர்ஷனை அவர் கண்ணாலும் கண்டதில்லை. ஆனாலும் பொழுது படுவதற்குள் இறங்குதுறை முழுக்க அவன் கள்ளனாகிவிட்டான். வலை காயப்போடுகிறவர்கள்கூட அச்சுவேலி என்ற பெயரைக் கேட்டால் காறித் துப்பினார்கள்.

பேச்சு மட்டும் போதாது, கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று கிறிஸ்ரினா ஒரு பின்னேரம் மண்டபத்துக்குப் போனாள். திட்டம் சுலபமானது. ஒரு கணினியைத் திறப்பது, கேள்வி வந்ததும் ஓம் என்று கொடுப்பது, எண்ணிக்கைப் பக்கத்தைக் கைபேசியில் பார்ப்பது. எண் கூடாவிட்டால் கள்ளன் அகப்பட்டான். றஜிதாவைச் சாட்சிக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கணினியைப் போட்டாள். கேள்வியே வரவில்லை. அடுத்ததைப் போட்டாள். அதிலும் வரவில்லை. அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியதை மறைப்பானேன்? எங்கள் கணினிகளில் கேள்வி கேட்காமலே வெட்டிவிட்டிருக்கிறான், இனி அவன் தப்ப ஏலாது என்று நினைத்துக்கொண்டு, ஆதாரத்தைப் படம் பிடிக்க அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள்.

கேள்வி கேட்கப்பட்டிருந்தது. பதிலும் கொடுக்கப்பட்டிருந்தது. இல்லை.

அடுத்த கணினியிலும் அதே இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கணக்கு வைத்துக் கொடுத்திருந்தாள்; அத்தனை பேரும் ஒருவர் சொல்லி ஒருவர் செய்தமாதிரி இல்லை என்றே கொடுத்திருந்தார்கள்.

“இதை ஆர் அமத்தினது?” என்று கேட்டாள்.

“நாங்கள்தான் அக்கா.” றஜிதாவுக்கு அதில் ஒளிக்க எதுவும் இருக்கவில்லை. “என்னவோ எங்களிட்டைக் கேட்டுது, இல்லை எண்டு குடுத்தம். நீங்கள்தானே முதல் நாளே சொன்னனீங்கள், கொம்பியூட்டர் என்ன கேட்டாலும் விளங்காட்டி இல்லை எண்டு குடுங்கோ எண்டு.”

சொன்னதுதான். நல்ல புத்தி என்று நினைத்துத்தான் சொன்னாள். ஆனாலும் கேள்வி தமிழில்தானே இருந்தது, வாசித்துப் பார்க்கவில்லையா என்று கேட்டாள். வாசித்தார்களாம். விளங்கியதாம். விளங்கினபடியால்தான் பயம் வந்ததாம். எங்களைப் பற்றி அறிந்து இவர்களுக்கு என்ன ஆகவேண்டும் என்று ஒருத்தி கேட்க, மற்றவர்கள் யோசிக்கவும் இல்லையாம்.

அந்தக் கரையில் கேள்வியோடு வந்தவன் நன்மைக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை. துவக்கோடு வந்தவனும் கேட்டான், பேனையோடு வந்தவனும் கேட்டான். வீட்டில் எத்தனை பேர், மூத்தவன் எங்கே, நேற்று வந்தது யார்? ஓம் என்று சொன்ன வீட்டுக்குத்தான் அவர்கள் திரும்பவும் வந்தார்கள். ஆகவே பிள்ளைக்கு அம்மா அப்பா சொல்லப் பழக்கும் நாளிலேயே, தெரியாது, இல்லை என்று சொல்லவும் பழக்கிவிட்டார்கள். கிறிஸ்ரினாவும் அப்படி வளர்ந்தவள்தான். திடீரென்று ஒரு நினைப்பு வந்து பையிலிருந்த தன்னுடைய மடிக்கணினியை எடுத்துத் திறந்து பார்த்தாள். இல்லை. தீர்ப்பு எண்ணிக்கையில்தான் என்று மேசையில் அடித்தவளுடைய கணினியிலும் இல்லை. எப்போது கொடுத்தாள் என்று அவளுக்கு ஞாபகம்கூட இல்லை. மூளையைக் கேளாமல் கையே கொடுத்துவிட்டிருக்கிறது.

மண்டபத்துக் கணினிகள் எல்லாவற்றுக்கும் மேலான கடவுச்சொல் அவளிடம் இருந்தது. மூன்று ஊரையும் சுற்றி இரண்டு பின்னேரத்தில் எல்லா இல்லையையும் ஓமாக மாற்றிவிடலாம். ஒருவருக்கும் தெரியவராது. சுட்டியில் கையும் வைத்துவிட்டாள். பிறகு எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அச்சுவேலிக்குப் போனாள்.

போகும்போதும் சந்தேகத்தை வீட்டில் கழற்றிவைத்துவிட்டுப் போகவில்லை. அவனைச் சோதிக்கிறதுக்கென்றே ஒரு கேள்வியைத் தயார்பண்ணிக்கொண்டு போனாள். சிவதர்ஷன் தாயோடு இருந்தான். குசினி வாசலில் றோய் கண்ட அந்தப் பெட்டி வெறுமையாகக் கிடந்தது. அதில் வந்தது தோசைக்கு அரைக்கிற கிறைண்டர், குசினிக்குள் தாய் அதில் உழுந்து அரைத்துக்கொண்டிருந்தார். எண்ணுகிற இயந்திரம் புத்தகத் தட்டில், ஒரு அப்பியாசக் கொப்பியளவு இருந்தது. அவள் கேட்காமலே அவன் திரையை அவள் பக்கம் திருப்பிவிட்டான். எல்லாம் இருந்தது, ஒன்றும் ஒளிக்கவில்லை. ஒளிக்கத் தெரிந்த ஆளாகவும் தெரியவில்லை. ஆனாலும் அவள் சோதனையைக் கைவிடவில்லை. நடந்ததைச் சொல்லி, எல்லாவற்றுக்கும் கடவுச்சொல் தன்னிடம் இருக்கிறது, தானே ஓம் என்று மாற்றிவிடவா என்று கேட்டாள். ஓம் மாத்துங்கோ என்றால் இவன் கள்ளன்தான், இண்டைக்கு எனக்குச் செய்கிறவன் நேற்றுத் தனக்கும் செய்திருப்பான் என்பது அவள் கணக்கு.

சிவதர்ஷன் திரையிலிருந்து கண்ணை எடுத்தான்.

“இல்லை எண்டு சொன்ன ஆக்களை எண்ணுறது களவு அக்கா,” என்றான். “கனபேர் அப்பிடிச் சொல்லுவினம் எண்டு எனக்கும் தெரியும். கூட்டத்திலை சொன்னனான். ஒருத்தரும் கேக்கேல்லை.”

அவன் சொன்னபோது யார் கத்திக்கொண்டிருந்தது என்று கிறிஸ்ரினாவுக்கு நல்ல ஞாபகம் இருந்தது. அவளேதான். வந்த வேலையை மறந்து தலையைக் குனிந்தாள். ஞாயிற்றுக்கிழமைவரை எண்ணிக்கையைத் திறந்து வைக்கிறேன், சனத்தைக் கேளுங்கள், அவர்கள் தாங்களாக மாற்றினால் எண்ணப்படும் என்று அவன் சொன்னான். தாய் கோப்பி கொண்டுவந்து தந்தார். குடிக்கும்போது அவளுக்கு இறங்குதுறை நினைவுக்கு வந்தது. இந்த வீட்டின் பெயருக்குத்தானே குருநகர் முழுக்கக் காறித் துப்புகிறார்கள்.

சனிக்கிழமை பின்னேரம், படகுகள் இறங்க முன்னம், நீக்கிலாப்பிள்ளை மண்டபத்தில் ஆட்களைக் கூட்டித் தந்தார். பெண்கள் முன்வாங்கில், ஆண்கள் வாசலில் சாய்ந்தபடி. கிறிஸ்ரினா எல்லாவற்றையும் விளக்கினாள். நாளைக்கு முடிவு. நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் கணக்குக்குள் போய் இல்லையை ஓமாக மாற்றினால் நாங்கள் வெல்லலாம், இந்தக் கணினிகள் தப்பும். மாற்றாவிட்டால் இதுகள் செத்துவிடும். நான் மாற்றக்கூடாது, நீங்கள்தான் மாற்றவேண்டும். பெயர் போகாது, ஊர் போகாது, எந்த டெஸ்க்ரொப் என்பது மட்டும் போகும். எல்லோரும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். றஜிதா ஒரு கணினியைப் போட்டுவிட்டு அதன் முன்னால் ஆயத்தமாக இருந்தாள்.

“அந்தப் பதில் எங்கை போகும் பிள்ளை?” என்று நீக்கிலாப்பிள்ளை கேட்டார்.

“அச்சுவேலிக்கு அண்ணை.”

“உவன்ரை வீட்டுக்கோ?”

“ஓம்.”

வாசலில் ஒருவன் சிரித்தான். தன் வினை தன்னைச் சுடும் என்று படித்தது பள்ளிக்கூடத்தில். சுடுவது எப்படி என்று அந்த இடத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது. சுற்றி வளைத்து என்னவாவது சொல்லித் தப்பியிருக்கலாம். அவள் நேரே சொன்னாள்.

“நான் சொன்னது பிழை அண்ணை. அவன் ஒரு கணக்கையும் மாத்தேல்லை. வடிவா விசாரியாமல் அவனைக் கள்ளன் எண்டு சொல்லிப்போட்டன். இல்லை எண்டு குடுத்தது நாங்கள். நானும் குடுத்தனான். அவன் நல்லவன், அவனை நம்பலாம்.”

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. இனிச் சரி, ஏசுவார்கள், சிரிப்பார்கள், பிறகு எழும்பிப் போய் மாற்றுவார்கள் என்று நினைத்தாள். ஒருவரும் ஏசவில்லை. ஒருவரும் சிரிக்கவும் இல்லை. நீக்கிலாப்பிள்ளை அவளைக் கோபத்தோடு பார்க்கவில்லை, பெற்ற பிள்ளையைப் பார்க்கிறமாதிரித்தான் பார்த்தார்.

“உவன் உனக்கு என்ன தந்தவன் பிள்ளை?”

“ஒண்டும் தரேல்லை அண்ணை.”

அந்தப் பதில் அவள் காதுக்கே பொய்யாகக் கேட்டது. போன கிழமை கள்ளன் என்று வந்து சொன்னவள், அச்சுவேலிக்குப் போய்வந்தபின் நல்லவன் என்று சொல்கிறாள். போனதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது, கோப்பி குடித்ததும் தெரிந்திருந்தது. இதே கதையை வேறொருத்தி வந்து சொல்லியிருந்தால் கிறிஸ்ரினாவும் இதைத்தானே கேட்டிருப்பாள்? இன்னும் இரண்டு தரம் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரலே அவளுக்குக் குற்றவாளியின் குரலாகத் தெரிந்தது.

எதிர்த்து வாதாடியிருந்தால் அவர்களோடு மல்லுக்கட்டி வென்றிருப்பாள். சண்டை அவளுக்குக் கைவந்த கலை. அவர்கள் வாதாடவில்லை. எல்லோரும் மெல்லத் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல் அவளுக்குப் பழக்கமானது. கோப்புக் கட்டோடு விசாரிக்க வருகிறவர்களுக்கு முன்னால், அவர்கள் எழும்பிப் போகும்வரைக்கும், அவளுடைய அப்பா ஓம் சேர், ஓம் மிஸ் என்று அப்படித் தலையாட்டியிருக்கிறார். அவளும் அவர் பக்கத்தில் நின்று ஆட்டியிருக்கிறாள். அதை எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்தது அன்றைக்குத்தான். யாரோ ஒருத்தி ஓடிப்போய்ச் சோடா வாங்கிவந்து, துடைத்த கிளாசில் ஊற்றி நீட்டினாள். கதிரையில் இருக்கச் சொன்னார்கள். நாளைக்கு எண்ணிக்கையில் ஒன்றுதான் கூடியிருக்கும், அதுவும் தான் இன்று காலை மாற்றிய தன்னுடையதுதான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அவள் கடைசியாக றஜிதாவைப் பார்த்தாள். றஜிதா கணினிக்கு முன்னாலிருந்து எழும்பி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முகத்தில் மரியாதையைத் தவிர வேறொன்றும் இல்லை.

“ஓம் மிஸ்,” என்றாள். “நாங்கள் மாத்திவிடுறம்.”